முதல் பீடிக்கு முன்பாக ஓடுங்கள்

புகைபிடிக்கும் ஒருவர் ஓடத் தொடங்கப்போவதாகச் சொன்னால், "முதலில் அந்தச் சனியனை விடு, அப்புறம் ஓடு" என்றுதான் ஊரில் பெரும்பாலோர் பதில் சொல்வார்கள். அக்கறையோடு சொல்லப்படும் அறிவுரைதான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு, விடவும் முடியாமல் ஓடவும் தொடங்காமல் ஆண்டுகளைக் கழித்தவர்களை இராமநாதபுரம் மாவட்டக் கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்த டீக்கடை வாசலிலும் காணலாம். பதினேழு ஆண்டுகள் நானும் அப்படி நின்றவன். உச்சிப்புளியில் பேருந்தைப் பிடிக்க இருபது அடி ஓடினாலே கண் இருட்டிய காலம் எனக்கு உண்டு. அங்கிருந்து நிற்காமல் ஐந்து கிலோமீட்டர் ஓடும் நிலைக்கு வந்த வழியை, இதே கரையில் தொடங்க நினைக்கும் ஒருவருக்குப் பயன்படும் வகையில் எழுதுகிறேன். புகையை நிறுத்தும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் ஒவ்வோர் ஓட்டமும் அன்றைய முதல் பீடிக்கு முன்பாக முடிந்திருக்க வேண்டும்.

இதற்கு உடலியல் காரணம் உண்டு. பீடிப் புகையிலும் சிகரெட் புகையிலும் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. ஆக்சிஜனை ஏற்றிச் செல்ல வேண்டிய ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுதலோடு ஒட்டிக்கொள்கிறது. அது பிடித்துக்கொண்ட இடத்தில் ஆக்சிஜனுக்கு இடமில்லை. ஓய்வாக இருக்கும் உடலில் அந்த வாயுவின் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 4 முதல் 5 மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குக் கடைசிப் பீடியைப் பிடித்தவர் காலை ஐந்தரைக்கு ஓடப் போகும்போது, இருபத்து நான்கு மணி நேரத்தில் அவருடைய இரத்தம் மிகச் சுத்தமாக இருக்கும் வேளை அதுதான். மாலையில் ஓடினால் அன்று பிடித்த பத்துப் பதினைந்து பீடிகளின் சுமையோடு ஓடுகிறார் என்று பொருள். இன்னொரு பயனும் இருக்கிறது. எழுந்தவுடன் பிடிக்கும் பீடிதான் நாளின் மற்ற எல்லாப் பீடிகளையும் இழுத்து வருவது. அதை ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போட்டால் நாள் முழுவதுக்குமான கணக்கு தானாகவே ஒன்றிரண்டு குறையும்.

பீடி சிறியது, இலையில் சுற்றியது, ஆகவே சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு என்ற எண்ணம் நம் பக்கத்தில் வலுவாக இருக்கிறது. அது தவறு. பீடி இலை, சிகரெட் காகிதத்தைப் போலத் தானாகக் கனன்றுகொண்டிருக்காது. அணையாமல் வைத்திருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் நுரையீரலுக்குப் போய்ச் சேரும் தாரும் நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குச் சமமாகவோ, அதற்கு மேலாகவோ இருக்கின்றன. ஓடினால் புகையின் தீங்கு கழிந்துவிடும் என்று நினைப்பதும் இதே அளவு தவறான கணக்கு. ஓட்டம் இதயத்துக்கும் தசைகளுக்கும் நல்லது செய்யும். புகை இரத்தக் குழாய்களுக்கும் நுரையீரலுக்கும் செய்ததை அது அழிக்காது. ஆகவே புகையை நிறுத்துவதற்கான பாதையாக ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து புகைப்பதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தொடங்குவதற்கு முன்

நாற்பது வயதைத் தாண்டியவரும், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவரும், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு கண்டவரும் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, ஓடத் தொடங்கப்போவதை மருத்துவரிடம் சொல்லி, அவர் சொன்னால் ஈசிஜியும் எடுத்துக்கொள்ள வேண்டும். புகைபிடிப்பதை மறைக்காமல், ஒரு நாளைக்கு எத்தனை என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ சளியில் இரத்தம் தெரிந்தாலோ, அதைப் "புகைக்கிறவன் இருமல்தானே" என்று விட்டுவிடாமல் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். புகைபிடிப்போருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

கால்களைப் பற்றி ஒரு குறிப்பு, இதை யாரும் சொல்வதில்லை என்பதால் சற்று அழுத்தியே சொல்கிறேன். நடக்கும்போது ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே தூரத்தில் கெண்டைக்கால் இறுகி வலித்து, நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடுகிறதென்றால், அது பழக்கமில்லாத தசையின் வலியாக இல்லாமல், புகையால் சுருங்கிய இரத்தக் குழாயின் அறிகுறியாக இருக்கலாம். பாதம் சில்லென்று இருப்பதும் கால்விரல் புண் ஆறாமல் கிடப்பதும் அதே வகையைச் சேர்ந்தவை. பல ஆண்டுகளாகப் பீடி பிடிக்கும் இளைஞர்களுக்குக்கூட இது வருகிறது. அத்தகையவர் ஓடத் தொடங்குவதற்கு முன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

எவ்வளவு மெதுவாக

புதிதாக ஓடுபவர்கள் கைவிடுவதற்கு நான் கண்ட பெரிய காரணம் வேகம். பள்ளிக்கூடத்தில் நூறு மீட்டர் ஓடிய நினைவோடு முதல் நாள் பாய்கிறார்கள், ஒரு நிமிடத்தில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது, நெஞ்சு எரிகிறது, "நமக்கு நுரையீரல் போய்விட்டது" என்று முடிவு கட்டி வீட்டுக்குத் திரும்புகிறார்கள். அந்த வேகத்தில் ஓடினால் ஒருநாளும் புகைபிடிக்காத, பயிற்சியில்லாத மனிதருக்கும் அதே கதிதான் நேரும். சரியான வேகத்துக்கு ஓர் எளிய சோதனை உண்டு: ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். தனியாக ஓடுபவர் தன் வீட்டு முகவரியை முழுதாகச் சொல்லிப் பார்க்கலாம். இடையில் மூச்சு அறுந்தால் வேகம் அதிகம். தொடக்கத்தில் அந்த வேகம் விரைவான நடையைவிட அரைப்படி மட்டுமே கூடுதலாக இருக்கும். கால்களை அகலமாக எறியாமல், குறுகிய அடிகளாக, பாதம் உடலுக்கு நேர் கீழே விழும்படி ஓடுங்கள்.

கைக்கடிகாரம் இல்லாமலே அளவு வைத்துக்கொள்ள மின்கம்பங்கள் போதும். நம் ஊர்ச் சாலைகளில் இரண்டு கம்பங்களுக்கு இடையே பெரும்பாலும் நாற்பது, ஐம்பது மீட்டர் இருக்கும். முதலில் பத்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கம்பம் ஓடி, மூன்று கம்பம் நடந்து, இதை எட்டு முறை செய்து, மறுபடி பத்து நிமிடம் நடந்து வீடு திரும்புங்கள். முதல் இரண்டு வாரத்துக்கு இவ்வளவுதான். மூன்றாவது, நான்காவது வாரங்களில் இரண்டு கம்பம் ஓட்டம், மூன்று கம்பம் நடை. அதற்கடுத்த இரண்டு வாரங்களில் மூன்று கம்பம் ஓட்டம், இரண்டு கம்பம் நடை. பிறகு ஐந்துக்கு இரண்டு, எட்டுக்கு இரண்டு என்று ஏற்றிக்கொண்டு போகலாம். பத்து கம்பம் இடைவிடாமல் வந்துவிட்ட பிறகு கம்பக் கணக்கை விட்டுவிட்டு, ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என நான்கு முறை செய்யுங்கள். ஒரு வாரத்தின் அளவு கடினமாக இருந்தால் அதே வாரத்தை இன்னொரு முறை செய்வதில் எந்தக் குறையும் இல்லை. எனக்கு ஐந்துக்கு இரண்டு என்ற அளவே நான்கு வாரம் ஓடியது.

இடையில் நடப்பதை இழுக்காக நினைக்க வேண்டாம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் காலோவே, அதற்குப் பின் 1970களிலேயே புதியவர்களுக்கு இந்த ஓட்டமும் நடையும் கலந்த முறையைத்தான் கற்பித்தார். இதே முறையில் மாரத்தான் தூரத்தையே முடிப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். இதயமும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும், ஆனால் எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் ஆகும். "இன்னும் ஓடலாமே" என்று மூச்சு சொல்லும் நாள்களில்தான் முழங்கால் கெட்டுப்போகிறது.

வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடினால் போதும். இராமேசுவரத்திலும் மண்டபத்திலும் விசைப்படகு ஒருநாள் போனால் மறுநாள் நாட்டுப்படகு போகிறது என்ற முறை பலருக்கும் பழக்கம். கடலுக்குப் போகும் தொழிலாளி, தான் கரையில் நிற்கும் நாள்களை ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு வந்த காலையில் ஓடக் கூடாது; அன்றைக்குத் தூக்கமே மருந்து. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. ஏறத்தாழ ஒன்பது வாரங்கள் கொண்ட அந்த இடைவெளி ஓடத் தொடங்க வசதியானது, கோடை உச்சத்தில் வருகிறது என்ற ஒரு குறையோடு. வேலையில்லாமல் கரையில் உட்கார்ந்திருக்கும் அந்த நாள்களில்தான் பீடிக் கட்டும் வேகமாகத் தீரும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். ஆகவே அப்போது தொடங்குவதன் பலன் இரட்டிப்பு.

எங்கே, எப்போது

நம் கரையில் வெயிலைவிட ஈரப்பதம்தான் பெரிய எதிரி. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே வழிகிறது. வழியும் வியர்வை உடலைக் குளிர்விக்காது. எனவே கோடையில் ஐந்து மணிக்கு இறங்கி ஆறு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. காற்றைக் கணக்கில் வையுங்கள். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், மன்னார் வளைகுடாவான தென்கடல் கரையில் எதிர்க்காற்று ஆளைத் தள்ளும். அப்போது பாக் நீரிணை இருக்கும் வடகடல் பக்கம் அமைதியாக இருக்கும். வடகிழக்கிலிருந்து வாடை தொடங்கினால் இது தலைகீழாகிவிடும். எந்தப் பருவமானாலும் போகும்போது எதிர்க்காற்றிலும், களைத்துத் திரும்பும்போது பின்காற்றிலும் வரும்படி திசையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

கடற்கரை ஊரில் இருப்பவருக்கு மணலில் ஓடத் தோன்றுவது இயல்பு. முதல் மூன்று மாதம் அதைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உலர்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆற்றல் செலவாகிறது. குதிகால் புதைவதால் குதிகால் தசைநாரும் கெண்டைக்காலும் இழுபடும். அலை நனைத்த ஈர மணல் கெட்டியாக இருந்தாலும் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக ஓடினால் இடுப்பும் முழங்காலும் வலிக்கும். போதாததற்கு அறுந்த தூண்டில் முள்ளும் உடைந்த சங்குச் சிப்பியும் கரை ஒதுங்கிய சொறி மீனும் கிடக்கும் இடத்தில் வெறுங்காலோடு ஓடுவது, அதுவும் புண் எளிதில் ஆறாத புகைபிடிப்பவர் ஓடுவது, சரியன்று. அரியமான் கடற்கரைக்குப் போனால் மணலை விட்டு, சாலையில் ஓடிவிட்டு, பிறகு கரையில் நடந்து காலை நனைத்துக்கொள்ளுங்கள்.

நான் பரிந்துரைக்கும் இடம் ஊருணிக் கரை. ஏறத்தாழ எல்லா ஊரிலும் ஒன்று இருக்கிறது, மண் தரை, சுற்றி வரலாம், களைத்தால் வீடு பக்கத்திலேயே இருக்கும். இராமநாதபுரத்தில் இருப்பவர்களுக்குச் சீதக்காதி சேதுபதி விளையாட்டு மைதானம் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியுமுன் மீன் வண்டிகள் பறக்கும். அங்கே ஓட நேர்ந்தால் வண்டிகளுக்கு எதிர்முகமாக, வெளிர்நிறச் சட்டையோடு, தார் விளிம்புக்கு வெளியே ஓடுங்கள். பாம்பன் சாலைப் பாலம் பார்க்க அழகானது, ஓடுவதற்கு ஏற்றதன்று. வண்டி நெரிசலும் பக்கக் காற்றும் புதியவருக்குத் தாங்காது. தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை போகும் சாலை நேராகவும் சமமாகவும் இருந்தாலும் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓடப் பழகிய பிறகு, காலை வேளையில், தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். சாயல்குடி, கடலாடிப் பக்கம் உள்ளவர்கள் விறகைக் கரியாக்கும் மூட்டங்களின் புகை தேங்கி நிற்கும் காலைகளில் வேறு திசையில் ஓட வேண்டும். அந்தப் புகையிலும் கார்பன் மோனாக்சைடுதான் இருக்கிறது.

நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, அதன் பக்கம் திரும்பி மெதுவாக நடந்து விலகுங்கள். கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

காலணிக்குப் பெரிய செலவு வேண்டாம். ஆனால் ரப்பர் செருப்பில் ஓடக் கூடாது, சீமைக் கருவேல முள் அதைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் கடைக்குப் போய், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடமிருக்கும் ஓட்டக் காலணியாக வாங்குங்கள். உப்பு நீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். நம் வெயிலில் காயவைத்தால் பசை விட்டுவிடும். ஓடும் முன் ஒரு குவளை தண்ணீர், முடித்த பின் உப்புப் போட்ட நீராகாரமோ இளநீரோ போதுமானது.

எந்த வலிக்கு நிற்க வேண்டும்

தொடையும் கெண்டைக்காலும் இரண்டு நாள் இறுகியிருப்பது இயல்பு. விலாவில் பிடித்துக்கொண்டால் நடைக்கு மாறி, வாயைக் குவித்து நீளமாக மூச்சை வெளியே விட்டால் சரியாகும். முழங்காலுக்குக் கீழே முன்புற எலும்பை ஒட்டி வலித்தால் அளவை ஏற்றியது அதிகம் என்று பொருள். ஒரு வாரம் நடையோடு நிறுத்தி, இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். நடு நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து 108-ஐ அழைக்க வேண்டும். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக்கொண்டிருக்கும் அரைமணி நேரத்தில் உயிர் போயிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம்தான் பக்கத்தில் என்றால் அங்கே போகலாம். மாரடைப்பு அறிகுறியோடு வருவோருக்கு முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு 2023 முதல் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கிறது.

நிறுத்தும் நாள்

நான்கைந்து வாரம் ஓடியபின் ஒரு மாற்றம் தெரியும். முந்தைய நாள் அதிகம் புகைத்த காலையில் கால் கனப்பதையும், குறைவாகப் புகைத்த காலையில் மூன்றாவது கம்பம் எளிதாக வருவதையும் உங்கள் உடலே உங்களுக்குக் காட்டும். அந்த வேறுபாட்டை நீங்களே உணர்ந்த வாரத்தில் நிறுத்தும் நாளைக் குறியுங்கள். அடுத்த பதினைந்து நாள்களுக்குள் ஒரு தேதி, வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரியும்படி. அதுவரை ஓட்டத்துக்குப் பின் இரண்டு மணி நேரம் புகைப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் நேராக வீட்டுக்குப் போங்கள். டீக்கடையில் கண்ணாடிக் குவளையைக் கையில் வாங்கினால் மறு கை தானாகப் பீடியைத் தேடும். சில மாதங்களுக்குத் தேநீரை வீட்டிலேயே குடியுங்கள்.

நம் கரையில் ரமலான் நோன்பு வைக்கும் புகைபிடிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். விடியலுக்கு முன் உண்ணும் சஹரிலிருந்து நோன்பு திறக்கும்வரை பதின்மூன்று மணி நேரம் ஒரு பீடியும் தொடாமல் முப்பது நாள் இருக்கும் அவர்கள், தம்மால் முடியாது என்று பிறகு சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கும். முடியும் என்பதை ஒவ்வோர் ஆண்டும் அவர்களே மெய்ப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மாதத்தில் பகலில் ஓட வேண்டாம், நோன்புக் கஞ்சி செரித்தபின் இரவில் நடந்தால் போதும். ஆனால் நோன்பு திறந்ததும் பற்றவைக்கும் அந்த முதல் பீடியை விட்டுவிட ரமலானைவிடப் பொருத்தமான மாதம் இல்லை.

நிறுத்திய முதல் வாரம் கடுமையானது. இரண்டாவது, மூன்றாவது நாள்களில் எரிச்சலும் தூக்கமின்மையும் உச்சத்தில் இருக்கும். ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடங்களில் தணிந்துவிடும், அதற்குள் எழுந்து விரைவாக நடந்தால் இன்னும் சீக்கிரம் தணியும். ஓடாத நாள்களிலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பத்து கம்பம் நடந்து வரலாம். எழுந்த அரைமணிக்குள் புகைத்துப் பழகியவர்களுக்கு நிகோடின் சூயிங்கம் பெரிய துணை. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்ற அளவுகளில் இருக்கிறது. எது வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதை மிட்டாய் போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. நாக்கில் உறைப்பு தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். பீடிக்குப் பதிலாக வாயில் புகையிலை ஒதுக்குவது நிறுத்தியதாகாது. 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

நிறுத்திய சில நாள்களில் சிலருக்கு இருமலும் சளியும் கூடும். புகையால் முடங்கியிருந்த மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் மீண்டும் இயங்கி, தேங்கியதை மேலே தள்ளுவதால் வருவது அது. "விட்டதால்தான் இருமல் வந்தது" என்று மறுபடி பற்றவைத்தவர்களை நான் அறிவேன். ஒரு நாளுக்குள் கார்பன் மோனாக்சைடு இரத்தத்திலிருந்து விலகிவிடுகிறது. இரண்டு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் இரத்த ஓட்டமும் நுரையீரலின் செயலும் மேம்படுகின்றன. ஓராண்டில் இதயநோய் வரும் வாய்ப்பு புகைப்பவருக்கு இருப்பதில் பாதியாகக் குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஓடுபவருக்கு இதில் முதல் இரண்டும் மருத்துவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, கம்பங்களின் எண்ணிக்கையிலேயே தெரியும்.

இடையில் ஒருநாள் கைதவறிப் பிடித்துவிட்டால், பீடிக் கட்டில் மிஞ்சியதை அன்றே எறிந்துவிட்டு, தேதியை நாள்காட்டியில் எழுதிவைத்து, அடுத்த ஓட்ட நாளை மாற்றாமல் ஓடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டம் இரண்டு வாரம் நின்றுபோனால், விட்ட இடத்திலிருந்து தொடராமல், அட்டவணையில் இரண்டு வாரம் பின்னால் போய், அந்தக் கம்பக் கணக்கிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.